அணைக்கு அடியில் மூன்று கட்டைகள்

“அவர்கிட்ட சொல்லு. வாய்க்காலை வெட்டினது தான்தான்னு அந்த ஆள் சொல்றான்ல? அப்போ அணைக்கு அடியில என்ன கிடக்குதுன்னு அவனையே சொல்லச் சொல்லு.”

அம்மா இதை என்னிடம் சொன்னாள். நான் இதை என் கணவனிடம் சொல்ல வேண்டும். என் கணவன் இதை ஆங்கிலத்தில் நீதிபதியிடம் சொல்ல வேண்டும். மூன்று வாய், ஒரு ஜன்னல். அவ்வளவு தூரம்தான். அந்த ஒரு கேள்வி போய்ச் சேர்ந்திருந்தால் காடு எங்களுக்கு நின்றிருக்கும்.

வெள்ளைப் பாறைமேல் தண்ணீர் வழியும் இடம் என்று அந்தச் சோளக்காட்டுக்குப் பெயர். அம்மாவுக்கு அவள் அம்மாவிடமிருந்து வந்த காடு. எனக்கு வர வேண்டிய காடு. எங்கள் குடியில் ஆண்களுக்குக் காட்டில் வேலை உண்டு, காடு கிடையாது. வசந்தத்தில் சோளம் விதைப்போம். பயிர் முழங்கால் உயரம் வந்ததும் அப்படியே விட்டுவிட்டு ஓக் கொட்டை பொறுக்க மலைக்குப் போய்விடுவோம். கொட்டை மூட்டையோடு இறங்கி வரும்போது கதிர் முற்றியிருக்கும். காவலுக்கு ஆள் வைத்ததே இல்லை. அது யார் காடு என்று ஊருக்கே தெரியும்போது யாரிடமிருந்து காப்பது?

அந்த வருடம் இறங்கி வந்தோம். காட்டைச் சுற்றி முள்கம்பி. ஓரத்தில் ஒரு கூடாரம். எங்கள் வாய்க்காலில் யாருடைய கோவேறு கழுதையோ தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. கூடாரத்திலிருந்து கிம்ப்ரோ என்கிற வெள்ளைக்காரன் துப்பாக்கியோடு வெளியே வந்தான்.

என் கணவன் முன்னால் போனான். வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு வழிகாட்டியாக ஆறு வருடம் வேலை பார்த்ததில் ஆங்கிலம் கற்றிருந்தான். சட்டையில் பித்தளைப் பொத்தான் வரிசையாகத் தைத்துக்கொள்வான் என்று சிப்பாய்கள் அவனுக்குப் பட்டன் என்று பெயர் வைத்திருந்தார்கள். நானும் அதையே சொல்கிறேன். அவன் சொந்தப் பெயரும் அம்மாவின் பெயரும் என் வாயிலிருந்து வராது. இறந்தவர்களைப் பெயர் சொல்லி எழுப்பக் கூடாது. பட்டன் என்றால் அவன் திரும்பிப் பார்க்க மாட்டான்.

“இங்க ஆளே இல்லையே,” என்றான் கிம்ப்ரோ. “ரெண்டு மாசமா நான் ஒருத்தன்தான் இருக்கேன். காலி நிலம்.”

“காலி நிலத்துல சோளம் தானா முளைச்சு, தானா வரிசையில நின்னுக்கிச்சா?” என்று கேட்டான் பட்டன்.

“நான் வந்தப்போ காட்டுச்செடி மாதிரி கிடந்துது. தண்ணி விட்டது நான். வாய்க்காலை வெட்டினதும் நான்தான்.”

பின்னால் இருபது அடி தள்ளி, ஒரு ஜூனிப்பர் புதருக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. “என்னடி சொல்றான்?”

பட்டன் எனக்குச் சொன்னதை ஓடிப்போய்ச் சொன்னேன்.

“அவன் கையைப் பாரு. வாய்க்கா வெட்டின கையா அது? வெண்ணெய் தடவின கை மாதிரி இருக்கு.”

ஓடி வந்தேன். பட்டன் கேட்டான், “அவங்க என்ன சொல்றாங்க?”

“அவங்களுக்கு அந்த ஆளோட கை பிடிக்கலையாம்.”

“எனக்கும்தான் பிடிக்கல. துப்பாக்கி அந்தக் கையிலதானே இருக்கு.”

அம்மா எதற்குப் புதருக்குள் நின்றாள் என்று எங்களவர் யாரும் கேட்க மாட்டார்கள். மாமியாரும் மருமகனும் ஒருவரை ஒருவர் பார்க்கக் கூடாது. முகம் தெரிய ஒரே இடத்தில் நிற்கவும் கூடாது, நேராகப் பேசவும் கூடாது. பார்த்தால் கண் போய்விடும் என்பார்கள்; கண்ணைவிட மானம் முதலில் போய்விடும். அது சண்டை அல்ல, மரியாதை. எனக்குக் கல்யாணமாகிப் பதினான்கு வருடம். அம்மாவின் குடிசைக்குப் பக்கத்தில்தான் எங்கள் குடிசை. அவள் சமைத்த பானையிலிருந்துதான் அவன் சாப்பிட்டான். அவன் கொன்ற மானின் தோலைத்தான் அவள் உடுத்தினாள். அவளுடைய இருமல் அவனுக்குத் தெரியும், அவனுடைய குதிரையின் நடை அவளுக்குத் தெரியும். முகம் மட்டும் தெரியாது. இருவருக்கும் நடுவில் நான். பதினான்கு வருடமாகப் பேச்சைச் சுமந்துகொண்டு ஓடுகிற கழுதை.

சிப்பாய்களின் கோட்டையில் இருந்த லெப்டினன்டிடம் போனோம். இளைஞன், நல்லவன். நல்லவனாக இருந்து என்ன பயன்? தலையைச் சொறிந்தான். போன குளிர்காலத்தில் எங்கோ தொலைவில் யாரோ வரைபடத்தில் எங்களுக்கென்று ஒதுக்கின நிலத்தின் எல்லைக்கோட்டை மாற்றி வரைந்துவிட்டார்களாம். எங்கள் காடு கோட்டுக்கு வெளியே போய்விட்டதாம்.

“ஆனா அவனுக்கு முன்னாடியே இவங்க அங்க பயிர் பண்ணியிருக்காங்கன்னு காட்டிட்டா, அவன் விலகித்தான் ஆகணும்,” என்றான். “ஹேஸ்கல்கிட்ட போங்க. அவருதான் அந்தப் பக்கத்துக்கு நீதிபதி. நான் கடுதாசி தர்றேன். அந்தம்மாவே நேர்ல வந்து சொல்லணும். நிலம் அவங்களோடதுன்னா அவங்க வாயாலதான் சொல்லணும்.”

நான் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். என் தம்பிமார் முறை உள்ள பையன்கள் இரண்டு பேர் அப்போது துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்கள். “எதுக்குப் பேச்சு? ஒரு குண்டு போதும்,” என்றார்கள்.

“ஒரு குண்டு போட்டா நூறு சிப்பாய் வருவான்,” என்றாள் அம்மா. “அப்புறம் சோளத்தை யாரு அறுக்கிறது, நீங்க தூக்குல தொங்கிக்கிட்டேவா? நான் போய்ப் பேசறேன். எங்க அம்மா போட்ட கட்டை இருக்கு. அது எனக்காகப் பேசும்.”

அந்தக் கட்டை விஷயம் இதுதான். ஓடையிலிருந்து வாய்க்கால் பிரிகிற இடத்தில் கல்லும் தழையும் போட்டு ஓர் அணை. அம்மாவின் அம்மா அதைக் கட்டினபோது அடியில் மூன்று ஜூனிப்பர் கட்டைகளைப் போட்டாள். அழுகாமல் இருப்பதற்காக நுனிகளைத் தீயில் கருக்கி, மேலே தட்டைக்கல் பரப்பி, அதற்கு மேல் அணை. மேலே பார்க்கிறவனுக்குக் கல்தான் தெரியும். தோண்டினால்தான் கட்டை. கிம்ப்ரோவுக்கு அது தெரிய வழியே இல்லை. நீதிபதி ஒரு ஆளை மண்வெட்டியோடு அனுப்பினால் போதும், வழக்கு முடிந்தது.

ஹேஸ்கலின் மளிகைக் கடைதான் நீதிமன்றம். மாவு மூட்டைகளைச் சுவரோரம் தள்ளி, மேஜை போட்டிருந்தார்கள். ஆறு பேர் ஜூரி. ஆறு பேரும் சனிக்கிழமை தோறும் கிம்ப்ரோவோடு சீட்டாடுகிறவர்கள். துப்பாக்கிகளைக் கழற்றிப் பிஸ்கட் பெட்டியின் மேல் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். கிம்ப்ரோ முதலில் பேசினான். காலி நிலம் என்றான். தன் கையால் வெட்டின வாய்க்கால் என்றான். ஜூரியில் ஒருவன் கொட்டாவி விட்டான்.

“ஜி பத்தொன்பது!” என்று கூப்பிட்டார் ஹேஸ்கல். ரேஷனுக்காக எங்கள் கழுத்தில் தொங்கவிட்ட பித்தளைத் தகட்டில் அம்மாவின் எண் அது.

அம்மா உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். பட்டன் வெளியே, பக்கச்சுவர் ஜன்னலுக்குக் கீழே, சுவரில் முதுகைச் சாய்த்து நின்றான். நான் ஜன்னலில் பாதி உள்ளே, பாதி வெளியே.

“மொழிபெயர்க்கிறவன் எங்க?” என்றார் ஹேஸ்கல்.

“இங்கதான் இருக்கேன்!” என்று சுவருக்கு வெளியிலிருந்து பட்டன் ஆங்கிலத்தில் கத்தினான்.

கடை முழுக்கச் சிரிப்பு. அவர்கள் பேசினதைப் பட்டன் எனக்கு அப்போதைக்கப்போது சுருக்கமாகச் சொன்னான்; வரி வரியாகப் பிறகு சொன்னான்.

“உள்ள வாடா.”

“வர முடியாதுங்க. அவங்க என் மாமியார்.”

“எனக்கும்தான் மாமியார் இருக்கா,” என்றான் கொட்டாவி விட்டவன். “நானும் அவளைப் பார்க்கிறதில்ல. அதுக்குன்னு கோர்ட்டுக்கு வெளியவா நிக்கிறேன்?”

“இது எங்க வழக்கம். பார்த்துக்கக் கூடாது. நடுவுல என் பெண்டாட்டி நிக்கிறா. அவங்க அவகிட்ட சொல்லுவாங்க, அவ என்கிட்ட சொல்லுவா, நான் உங்ககிட்ட சொல்றேன்.”

“மூணு வாய் மாறி வந்தா அது சாட்சியா, வதந்தியா?” ஹேஸ்கல் மேஜையைத் தட்டினார். “சாட்சி சொல்றதை மொழிபெயர்க்கிறவன் நேரா காதால கேக்கணும். நான் அவனை நேரா பார்க்கணும்.”

நான் என் தோளில் இருந்த கம்பளியை உருவினேன். இரண்டு கம்பத்துக்கு நடுவில் கட்டினால் அம்மா ஒரு பக்கம், பட்டன் ஒரு பக்கம் இருக்கலாம் என்று சைகை காட்டினேன். பட்டன் அதைச் சொன்னான். கட்டியும் விட்டோம். அம்மா கம்பளிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். பட்டன் உள்ளே வந்து இந்தப் பக்கம் நின்றான்.

“இப்ப எனக்கு அந்தம்மா மூஞ்சி தெரியலையே,” என்றார் ஹேஸ்கல். “உள்ள யாரு பேசறான்னு எனக்கு எப்படித் தெரியும்? சாட்சியோட முகத்தைப் பார்த்துத்தான் ஜூரி முடிவு பண்ணணும். அவுருங்க அதை.”

“அவங்க உங்களைப் பார்த்து உட்காரட்டும், கம்பளி எங்க ரெண்டு பேருக்கு நடுவுல மட்டும்…”

“இது கடை. கூடாரம் இல்ல. அவுருடா.”

அவிழ்த்தோம். அப்போதுதான் அம்மா அந்தக் கேள்வியைச் சொன்னாள். அணைக்கு அடியில் என்ன கிடக்கிறது என்று அவனைச் சொல்லச் சொல். நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, மறுபடி வெளியே போய்விட்ட பட்டனிடம் சொன்னேன். பட்டன் வாயைத் திறந்தான். “ஐயா, அவங்க ஒரு கேள்வி…”

“உள்ள வந்து கேளு!” என்று கத்தினார் ஹேஸ்கல். “சுவரு பேசறதை நான் எழுத மாட்டேன். ஒரு காபி குடிக்கிற நேரம் தர்றேன். அதுக்குள்ள மொழிபெயர்க்கிறவனும் சாட்சியும் என் முன்னாடி ஒண்ணா நிக்கணும். இல்லன்னா சாட்சி இல்லைன்னு எழுதிடுவேன்.”

அம்மா பின்வாசல் வழியாக வெளியே போய் விறகுக் குவியல்மேல் உட்கார்ந்தாள். சால்வையால் தலையை மூடிக்கொண்டாள். நான் போய் நின்றேன்.

“என்ன சொன்னான்?”

சொன்னேன்.

“கேள்வி போச்சா?”

“போகல. கேக்கவே மாட்டேங்கிறான்.”

அம்மா ஒரு சுள்ளியை ஒடித்தாள். இன்னொன்றை ஒடித்தாள். “முகம் வேணுமாம் முகம். வாய்க்காலை நாங்க முகத்தாலயா வெட்டினோம்? போ, அவர்கிட்ட கேளு. என்ன பண்ணலாம்னு கேளு.”

கடையைச் சுற்றி முன்பக்கம் ஓடினேன். பட்டன் குதிரை கட்டும் கழியருகே நின்று சேணத்தை இறுக்கிக்கொண்டிருந்தான்.

“எங்க போற?”

“கோட்டைக்கு. அங்க இன்னொரு மொழிபெயர்ப்பாளர் இருக்காரு, அவருக்கு இவங்க எந்த முறையும் இல்ல. போக ஒரு நாள், வர ஒரு நாள். மொழிபெயர்க்க ஆளே இல்லன்னா வழக்கைத் தள்ளித்தானே வைக்கணும்? நான் இங்க நின்னா ‘நீதான் இருக்கியே, உள்ள வா’ம்பான். நான் இல்லாம போனாத்தான் தள்ளுவான்.”

“இரு, அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வர்றேன்.”

“கேட்டா என்ன சொல்லுவாங்க? எனக்காக அவரு அலைய வேண்டாம்பாங்க. அவங்களைச் சபையில நிக்க வச்சு என் மூஞ்சியைப் பார்க்க வைக்கவா நான் பதினாலு வருஷம் ஒதுங்கி நடந்தேன்? நீ போய்ச் சொல்லிடு. ரெண்டு நாள் பொறுக்கச் சொல்லு.”

ஏறினான். போயே போய்விட்டான்.

பின்பக்கம் ஓடினேன். விறகுக் குவியல்மேல் அம்மாவின் சால்வை மட்டும் கிடந்தது.

பின்வாசலில் எட்டிப் பார்த்தேன். அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தலையில் ஒன்றும் இல்லை. முகம் வெட்டவெளிச்சமாக இருந்தது. மொழிபெயர்க்கிறவன் வந்து நிற்க வேண்டிய இடத்தை, மேஜைக்கு இடப்பக்கம் இருந்த வெறும் தரையை, இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவரை வரச் சொல்லு,” என்றாள். “கண்ணு போனா போகட்டும். எனக்கு வயசாச்சு, இருக்கிற கண்ணும் பாதிதான். காடு உனக்கு வேணும். நானே பார்க்கத் துணிஞ்சுட்டேன்னா அவரு உள்ள வந்துதானே ஆகணும்? வரச் சொல்லு.”

“அம்மா, அவரு இல்ல.”

“இல்லன்னா?”

“கோட்டைக்குப் போயிட்டாரு. இன்னொரு ஆளைக் கூட்டிட்டு வர. நீ அவரைப் பார்க்க வேண்டியிருக்கக் கூடாதுன்னு.”

அம்மா என்னைப் பார்க்கவில்லை. அந்தத் தரையையே பார்த்தாள். “யாரைக் கேட்டுப் போனாரு?” என்று மட்டும் கேட்டாள்.

ஹேஸ்கல் காபிக் குவளையைக் கீழே வைத்துவிட்டு என்னவோ கேட்டார். இடப்பக்கத்தைக் காட்டிக் கேட்டார். நான் வடக்கே கையைக் காட்டினேன். எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கிம்ப்ரோ நாற்காலியைப் பின்னால் சாய்த்துக்கொண்டான்.

கோட்டைக் குதிரைகளுக்குப் புல் அறுத்து விற்கிறவள் நான். அங்கே பொறுக்கின ஆங்கில வார்த்தைகள் ஏழெட்டு என்னிடம் இருந்தன. புல். தண்ணீர். விறகு. கீழே. மூன்று. நல்லது. இல்லை. அவ்வளவுதான். மேஜைக்கு முன்னால் போய் நின்றேன்.

“தண்ணீர்,” என்றேன். “கீழே. விறகு. மூன்று.” மூன்று விரலைக் காட்டினேன். குனிந்து தரையைத் தோண்டுவதுபோலக் காட்டினேன். அம்மாவைக் காட்டினேன். மறுபடியும், “கீழே! விறகு! மூன்று!”

ஹேஸ்கல் என் விரல்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஏதோ சொன்னார். ஆறு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். என்ன சொன்னார் என்பது அடுத்த பனிக்காலத்தில்தான் எனக்குத் தெரிந்தது. கோட்டைக்குப் புல் ஏற்ற வந்த ஜூரிக்காரன் ஒருவன், என்னை அடையாளம் தெரிந்து, பட்டனிடம் சொல்லிச் சிரித்தான். “விறகு மூணு சுமை விக்கப் பார்க்கிறாடா. இன்னும் குளிரு வரலை, அப்புறம் வரச் சொல்லுங்க.”

ஜூரி எழுந்துகூடப் போகவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே தலையாட்டினார்கள். சாட்சி ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதினார்கள். காடு கிம்ப்ரோவுக்கு. நாங்கள் விதைத்த சோளமும் காட்டோடு சேர்த்தி.

அம்மாவிடம் சால்வையைக் கொடுத்தேன். வாங்கிக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டாள். தலையை மூடவில்லை. வெறும் முகத்தோடு அந்த வெயிலில் வீடுவரை நடந்தாள்.

இரண்டாம் நாள் மாலை பட்டன் வந்தான். கூடவே கோட்டை மொழிபெயர்ப்பாளர், நல்ல தடித்த ஆள், குதிரையிலிருந்து இறங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு, “எங்க வழக்கு? எங்க நீதிபதி? இவரு என்னை விடிய விடிய விரட்டிக்கிட்டு வந்தாரு, என் எலும்பெல்லாம் வேற வேற இடத்துல இருக்கு,” என்றார்.

“வழக்கு முடிஞ்சு ரெண்டு நாளாச்சு,” என்றேன்.

பட்டன் குதிரையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். “தள்ளி வைக்கலையா?”

“இல்ல.”

“அவங்க?”

“உள்ள போய் உட்கார்ந்தாங்க. முகத்தைத் திறந்து வச்சுக்கிட்டு. உன்னைக் கூப்பிட்டாங்க.”

நடந்ததை முழுக்கச் சொன்னேன். அவன் குதிரைக்குத் தண்ணீர் காட்டினான். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னான்.

“பாதி வழியில, அந்தச் செம்மண் மேட்டுல ஏறும்போது தோணிச்சு. அவங்க முகத்தைத்தானே அந்த ஆளு பார்க்கணும்னான்? என் கண்ணு திறந்திருக்கணும்னு சொல்லலையே. கழுத்துல இருந்த துணியை எடுத்துக் கண்ணைக் கட்டிக்கிட்டு, அவங்களுக்குப் பின்னாடி போய் நின்னிருக்கலாம். அவங்க நீதிபதியைப் பார்த்துப் பேசியிருப்பாங்க. யாரும் யாரையும் பார்த்திருக்க மாட்டோம். காதுக்கு என்ன தடை? ஒரே ஒரு துணி.”

“தோணினப்பவே திரும்பி வந்திருக்கலாமே!”

“பாதி தூரம் போயாச்சு. இந்த ஆளையும் கூட்டிட்டே வந்துடலாம்னு நினைச்சேன்.” கழுத்துத் துணியை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டான். “அவங்ககிட்ட சொல்லு. எனக்கு அந்த நேரத்துல தோணலைன்னு சொல்லு.”

அம்மாவின் குடிசைக்குப் போய்ச் சொன்னேன். ஓக் கொட்டையை உடைத்துக்கொண்டிருந்தாள். கல் நின்றது.

“கண்ணைக் கட்டிக்கிட்டா?” என்றாள். யோசித்தாள். “ஆமா. கட்டியிருக்கலாம்.” பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். “அவருக்குத் தோணல, சரி. அவரு சுவருக்கு அந்தப் பக்கம். எனக்குத் தோணல, நான் சுவருக்கு இந்தப் பக்கம். நீ ஜன்னல்ல நின்னியே. எங்க ரெண்டு பேரையும் பார்த்தவ நீ ஒருத்திதானே? கம்பளியைக் கட்டத் தெரிஞ்சுது. கண்ணைக் கட்டத் தெரியலையா உனக்கு?”

அவள் மறுபடி கொட்டையை உடைக்க ஆரம்பித்தாள்.

“அதைப் போய் அவர்கிட்ட சொல்லட்டுமா?” என்று கேட்டேன்.

“வேண்டாம்,” என்றாள். “அது உனக்குச் சொன்னது.”

அடுத்த கோடையில் ஓடையில் வெள்ளம் வந்தது. கிம்ப்ரோவுக்கு அணையைப் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை. மழைக்கு முன்னால் குப்பையை வாரிவிட வேண்டும் என்று அவனுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? கல்லெல்லாம் அடித்துக்கொண்டு போய்விட்டது. நான் புல்கட்டோடு அந்த வழியாக வந்தபோது மூன்று கட்டைகளும் கரையில் கிடந்தன. நுனி மூன்றும் கருகியபடி, பாட்டி கருக்கின மாதிரியே. கிம்ப்ரோ கோடரியோடு ஒன்றின்மேல் ஏறி நின்றிருந்தான். வெள்ளச் சேதத்தைப் பார்க்க வந்த ஹேஸ்கல் குதிரைமேல் இருந்தார்.

அதற்குள் என் ஆங்கிலம் கொஞ்சம் வளர்ந்திருந்தது. அந்த ஒரு வருடம் முழுக்கப் பட்டனை உட்காரவிடாமல் கேட்டுக் கேட்டுக் கற்றிருந்தேன். புல்கட்டை இறக்கி வைத்தேன்.

“அந்தக் கட்டை, எங்க அம்மாவோட அம்மா போட்டது,” என்றேன். “அணைக்கு அடியில. வாய்க்கா வெட்டினப்போ. அன்னிக்கு எங்க அம்மா உங்ககிட்ட சொல்ல வந்தது அதைத்தான்.”

ஹேஸ்கல் கட்டைகளைப் பார்த்தார். கிம்ப்ரோவைப் பார்த்தார். கிம்ப்ரோ கோடரியின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தான். ஹேஸ்கல் என்னிடம் திரும்பினார். கோபமாகக்கூட இல்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

“இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா?”

நான் பதில் சொன்னேன். எங்கள் மொழியில் சொன்னேன். நீளமாக, அவருடைய குதிரை காதை மடக்கிக்கொள்ளும் அளவுக்கு, பதினைந்து வருடமாகச் சுமந்ததையெல்லாம் சேர்த்துச் சொன்னேன். மொழிபெயர்க்க ஆள் இல்லாமல் போனது அந்த ஒரு தடவைதான் எங்களுக்கு நல்லதாய்ப் போயிற்று.